கொத்தமல்லிக்கு அங்கேயும் கொத்தமல்லிதான்

மொரீஷியஸ் விமான நிலையத்தில் பணம் மாற்றியபோது கைக்கு வந்த நூறு ரூபாய்த் தாளை நான் உடனே பர்ஸில் வைக்கவில்லை. அதில் தமிழில் "நூறு ரூபாய்" என்று அச்சடித்திருந்தது. படத்தில் இருந்தவரும் தமிழர்தான். ரங்கநாதன் சீனிவாசன் என்ற வழக்கறிஞர், சுதந்திரத்துக்கு முந்தைய தலைமுறை அரசியல் தலைவர். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்த கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேனே, நம்ம ஊர் மாதிரிதான் இருக்கும்னு" என்றார். அவர் குரலில் இருந்த நிம்மதி எனக்கும் தொற்றிக்கொண்டது.

கல்யாணமாகி ஐந்தாவது மாதம், 2022 ஜூலையில் கிளம்பினோம். அவருக்கு எபேனில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கரும்பு வயல்களாக இருந்த இடத்தில் கட்டி எழுப்பிய கணினி நகரம் எபேன். நான் எம்.காம். முடித்துத் திருச்சியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். வழியனுப்ப வந்த எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "அங்க நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க, ஒண்ணும் கவலைப்படாதே." அம்மா மட்டும் எதுவும் சொல்லாமல் பொடி டப்பாக்களுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

நம்ம ஆட்கள் இருந்தார்கள். டாக்ஸியின் முன்கண்ணாடியில் முருகன் வேல் தொங்கியது. வழியில் ஒரு கடைப் பலகையில் பிள்ளை என்று இருந்தது, இன்னொன்றில் செட்டி. "ஆர்முகும்" என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை வாசித்த பிறகுதான் ஆறுமுகம் என்று புரிந்தது. "கனபாதி" கணபதி, "சின்னதாம்பு" சின்னத்தம்பி, "பெர்மால்" பெருமாள். பிரெஞ்சுக்காரன் காதில் விழுந்தபடி எழுதப்பட்ட பெயர்கள். டாக்ஸி ஓட்டுநர் நெற்றியில் விபூதி இருந்தது. நான் ஆசையாக "வணக்கம்ணே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே "வணக்கம், வணக்கம்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, அதற்கு மேல் கிரியோலில், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சு மொழியில், பேசத் தொடங்கினார். ஒரு வார்த்தை புரியவில்லை. அவருக்குத் தெரிந்த தமிழ் அந்த வணக்கத்தோடு முடிந்துவிட்டது.

இதை நான் முன்கூட்டியே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். வரலாறு படித்தால் புரிந்துவிடும் விஷயம்தான். 18ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவு பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோதே புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கப்பலில் கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததும், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை 1834 முதல் கொண்டுவந்து இறக்கினார்கள். கல்கத்தா, மதராஸ், பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து ஏறக்குறைய 5 லட்சம் பேர் வந்து இறங்கிய இடம் போர்ட் லூயியில் இருக்கும் ஆப்ரவாசி காட். பிகார்க்காரரும் தமிழரும் தெலுங்கரும் மராத்தியரும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தபோது, எல்லோருக்கும் பொதுவாக இருந்த மொழி கிரியோல். நான்கைந்து தலைமுறையில் அதுவே வீட்டு மொழி ஆகிவிட்டது. இங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் உண்டு. முன்னோர் பேசிய மொழி எது? இப்போது வீட்டில் பேசும் மொழி எது? முதல் கட்டத்தில் தமிழ் என்றும் இரண்டாவதில் கிரியோல் என்றும் எழுதும் வீடுகள் ஏராளம்.

ஆனாலும் தமிழை அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. 1998இல் புதிய ரூபாய்த் தாள்கள் வந்தபோது, வழக்கமாக ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழ் மூன்றாவது வரிக்குத் தள்ளப்பட்டிருந்தது. தமிழர்கள் எதிர்த்து நின்றார்கள். தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, அடுத்த வருடம் பழைய வரிசையிலேயே மறுபடி அச்சாகின. அந்தத் தாளைப் படிக்கத் தெரியாதவர்கள் அந்த வரிக்காகப் போராடியிருக்கிறார்கள். முதல் நாள் இது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு, அந்த டாக்ஸிக்காரரின் இரண்டு வணக்கத்தையும் நினைத்துக்கொண்டேன்.

காத்ர் போர்னில் மாடி வீடு ஒன்று கிடைத்தது. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் கோர் தெ கார்த் மலை. இங்கே வீடெல்லாம் கான்கிரீட் பெட்டி மாதிரி தட்டைக் கூரையோடு இருக்கும், மேலே கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் பெரியவர்களானால் மேலே ஒரு தளம் எழுப்பலாம் என்று விட்டுவைப்பது. எங்கள் வீடும் அப்படி மேலே எழுந்ததுதான். கீழே ஒரு குடும்பம், பக்கத்தில் ஒட்டினாற்போல இன்னொரு வீடு, நடுவே இடுப்பளவு மதில்.

ஜூலையில் இங்கே குளிர்காலம் என்பதை ஏட்டில் படித்திருந்தேனே தவிர உடம்பு நம்பவில்லை. பருத்திப் புடவைகளும் நைட்டிகளுமாக வந்து இறங்கி, முதல் வாரமே ஸ்வெட்டர் வாங்க அலைந்தோம். சித்திரையில் வெயில் என்று பழகிய உடம்புக்கு ஜனவரியில் வெயில் உறைப்பது விசித்திரமாக இருந்தது. கடைகள் சாயங்காலம் ஆறு மணிக்குள் சாத்திவிடும். ஏழு மணிக்குத் தெருவில் நாய்கள்தான் இருக்கும். திருச்சியில் ஏழு மணிக்குத்தான் நாங்கள் கடைத்தெருவுக்கே கிளம்புவோம்.

வேலை தேடத் தொடங்கினேன். எங்கே விண்ணப்பித்தாலும் பிரெஞ்சு தெரியுமா என்றார்கள். அலுவலகக் காகிதம் ஆங்கிலத்தில், செய்தித்தாள் பிரெஞ்சில், பேச்சு கிரியோலில் என்று இந்த நாடு மூன்று மொழியில் ஓடுகிறது. எனக்கு அதில் ஒன்றுதான் தெரியும். கணவர் காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறரைக்கு வருவார். அந்தப் பத்தரை மணி நேரத்தில் நான் வாய் திறந்து பேசுவது அம்மாவோடு வீடியோ காலில் மட்டும்தான். அதிலும் நான் நன்றாக இருப்பதாக நடிப்பேன். இந்தியாவுக்கும் இங்கேயும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். அம்மா சீக்கிரம் தூங்கப் போகிறவள். இங்கே எட்டு மணியாகும்போது அங்கே விளக்கு அணைந்துவிடும்.

நவம்பரில் ஒரு நாள் பெரிய சண்டை வந்தது. மழைக்கு முந்தைய அந்த மாதங்களில் நீர்த்தேக்கங்கள் வற்றி, குழாயில் தண்ணீர் நேரம் பார்த்துத்தான் வரும். அன்று காலை வந்த தண்ணீரை நான் பிடித்து வைக்கவில்லை. மேல்தொட்டி காலி. அவர் களைத்துப் போய் வந்து குளியலறைக் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, "நாள் முழுக்க வீட்லதானே இருக்கே, ரெண்டு பக்கெட் பிடிச்சு வச்சிருக்கலாமே" என்றார். அவர் வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று அந்த "வீட்லதானே" என்ற சொல் நெஞ்சில் போய்த் தைத்தது. நான் கத்தினேன். அவரும் கத்தினார். பிறகு இரண்டு நாள் பேச்சே இல்லை.

ஊரில் என்றால் அந்த இரண்டு நாளில் யாராவது நடுவில் வந்திருப்பார்கள். மாமியார் சாப்பாடு போடும் சாக்கில் ஒரு வார்த்தை சொல்வார். அப்பா போன் பண்ணி அவரிடம் கிரிக்கெட் பேசுவார். யாரும் சமாதானம் செய்கிறேன் என்று சொல்லாமலே சமாதானம் நடந்துவிடும். இங்கே எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. கோபித்துக்கொண்டு போவதற்கு ஒரு வீடு இல்லை. தீவு என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. திருச்சியில் கிளம்பித் தஞ்சாவூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் முடிந்துவிடும் நீளம், அதற்கப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. "வா, எங்கேயாவது போகலாம்" என்றார். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரைக்குப் பேருந்தில் போனோம். அங்கே கரை நெடுக சவுக்கு மரங்கள். காற்று அடித்தால் வேளாங்கண்ணிப் பக்கம் கேட்கும் அதே இரைச்சல். குடும்பம் குடும்பமாகப் பாயை விரித்து, பெரிய அலுமினியப் பாத்திரத்தில் பிரியாணி கொண்டுவந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒரு வேரின் மேல் உட்கார்ந்திருந்தோம். "எனக்கு இங்க பேசறதுக்கு ஆளே இல்லைங்க. நீங்க வர்ற வரைக்கும் என் குரலை நானே கேக்கறதில்லை" என்றேன். அவர் வெகு நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "எனக்கும் ஆபீஸ்ல எல்லாரும் கிரியோல்ல பேசிச் சிரிக்கும்போது சும்மா சேர்ந்து சிரிப்பேன்" என்றார். நான்கு மாதமாக அவர் இதை என்னிடம் சொல்லவில்லை. அவர் தலை நிமிராமல் மணலில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கிரியோல் கற்றுக்கொள்வது என்று அன்று முடிவு செய்தோம். பிரெஞ்சு வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும். கிரியோலுக்குச் சந்தைக்குப் போனால் போதும்.

காத்ர் போர்ன் சந்தையில் சனிக்கிழமை காய்கறி நாள். அதுவரை நான் சூப்பர் மார்க்கெட்டில் வாய் திறக்காமல் எடுத்துப் போட்டு, வாய் திறக்காமல் பணம் கட்டி வந்துகொண்டிருந்தேன். சந்தையில் அது முடியாது. கேட்டால்தான் கிடைக்கும். முதல் வாரம் ஒரு கீரைக்காரர் முன்னால் நின்று பச்சைக் கட்டு ஒன்றைக் கையால் காட்டினேன். "கோத்தோமிலி?" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். "என்ன சொன்னீங்க?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவர் கட்டைத் தூக்கி என் முகத்துக்கு நேரே ஆட்டி, செவிடுக்குச் சொல்வதுபோல நிதானமாக, "கோ-தோ-மி-லி" என்றார். கொத்தமல்லி. பக்கத்துக் குவியலைக் காட்டினேன். "ப்ரெத் முரூம்." ப்ரெத் என்றால் கீரை, முரூம் என்பது முருங்கை. ஓரத்தில் கிடந்த ஈர்க்கைக் காட்டினேன். "கரிபுலே." கறிவேப்பிலை. அதற்குக் காசு வாங்காமல் கொத்தமல்லிக் கட்டின் மேலேயே வைத்துக் கொடுத்தார், நம் ஊரில் கொசுறு போடுவதுபோல. கணவர் எதற்கு என் கண் கலங்குகிறது என்று பதறிப் போனார். எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இருநூறு வருடத்துக்கு முன் எந்த ஊர்ப் பெண்ணோ இந்தத் தழையைப் பார்த்துச் சொன்ன சொல், கீரைக்காரர் வாயில் இன்னும் இருக்கிறது. அவர் தமிழர்கூட இல்லை.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனோம். வெண்டைக்காய் லாலோ, கத்தரிக்காய் ப்ரென்ஸேல், புடலங்காய் பத்தோல், பாகற்காய் மார்கோஸ், பீர்க்கங்காய் பிபங்காய், தக்காளி போம் தமூர். போம் தமூர் என்றால் காதல் ஆப்பிள் என்று அர்த்தமாம். கணவர் அதை வேண்டுமென்றே மறுபடி மறுபடி கேட்டு வாங்குவார். "தெமி லிவ்" என்றால் கால் கிலோ. "கி ப்ரி?" என்றால் என்ன விலை. எந்த வார்த்தைக்கு முன்னாலும் "ஆயோ" சேர்த்தால் பேச்சில் உயிர் வந்துவிடும். நம் ஐயோவேதான் அது. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், சீனர் என்று தீவில் எல்லோரும் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிறார்கள்.

கிரியோல் இலக்கணம் வந்தவர்களிடம் இரக்கம் காட்டும் இலக்கணம். காலத்துக்கோ ஆளுக்கோ தகுந்தபடி வினைச்சொல் மாறாது. மான்ஸே என்றால் சாப்பிடுவது. மோ பே மான்ஸே, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மோ ஃபின் மான்ஸே, சாப்பிட்டுவிட்டேன். மோ பு மான்ஸே, சாப்பிடுவேன். முன்னால் ஒரு சின்னச் சொல் மாறினால் காலம் மாறிவிடுகிறது. எங்கெங்கிருந்தோ பிடித்துவந்து ஒரே வயலில் நிறுத்தப்பட்டவர்கள், ஒருவருக்கொருவர் புரிய வேண்டும் என்ற ஒரே தேவைக்காக உண்டாக்கிய மொழி. அதனால்தானோ என்னவோ, புதிதாக வருபவரையும் அது வெளியே நிறுத்துவதில்லை.

ஆனால் சந்தை வாரத்துக்கு ஒரு நாள்தான். என்னைப் பேச வைத்தவர் பக்கத்து வீட்டம்மா. எழுபது வயதைத் தாண்டியவர். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேத்தி பள்ளிக்கூடம் போய்விடுவாள். துணி காயப்போட நான் மாடிப்படியில் இறங்கும்போதெல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து பார்ப்பார். ஒரு நாள் நானாகப் போய், மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "தோ ஃபின் மான்ஸே?" சாப்பிட்டாச்சா என்று கேட்பதாக நினைப்பு.

அவர் இடுப்பில் கை வைத்துச் சிரித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊ ஃபின் மான்ஸே" என்று திருத்தினார். தோ என்றால் நீ, ஊ என்றால் நீங்கள். நான் ஒரு பெரியவளை "சாப்பிட்டியா" என்று கேட்டிருக்கிறேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்தச் சைகை அவருக்கு உடனே புரிந்தது. அவர் வீட்டிலும் தப்பு செய்தால் அப்படித்தான் போட்டுக்கொள்வார்களாம். "ஊ இல்லை, தாந்தின்னு கூப்பிடு" என்று சைகையும் வார்த்தையுமாகச் சொன்னார். தாந்தின் என்றால் அத்தை, சித்தி எல்லாம். அவர் என்னை "மோ திஃபி" என்றார், என் பெண்ணே என்று. அன்று காலை அவர் கொடுத்த கத்தோ பீமாவும் ரொட்டியும் இன்னும் நாக்கில் இருக்கிறது. கத்தோ பீமா என்பது நம் பருப்பு வடைதான். சுடச்சுட நான்கு வடையை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்து அழுத்தித் தருவார்கள்.

தாந்தினிடம் ஒரு நோட்டு இருந்தது. பழுப்பேறிய கோடு போட்ட நோட்டு. அதில் முருகன் பாட்டுகளை எல்லாம் ரோமன் எழுத்தில், பிரெஞ்சு உச்சரிப்புப்படி எழுதி வைத்திருந்தார். அவர் அம்மா பாடியதைக் கேட்டுக் கேட்டு எழுதியது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றி அதைப் பார்த்துப் பாடுவார். ராகம் துல்லியமாக இருக்கும். "எனக்கு இதன் அர்த்தம் தெரியாது. அம்மாவுக்கும் தெரியுமா என்று தெரியாது" என்றார். ஒரு வரியில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். அந்தச் சொல் வினை.

நான் வாயைத் திறந்து மூடினேன். எனக்கு அப்போது தெரிந்த கிரியோல் காய்கறி விலை கேட்கும் அளவுதான். வினையை எப்படிச் சொல்வேன்? பிரச்சினை என்று சொல்லலாம், ஆனால் அது இல்லை. பாவம் என்றால் பாதிதான் வரும். கடைசியில், "து செகி நு ஃபின் ஃபேர்" என்றேன். நாம் செய்த எல்லாமும். தாந்தின் அந்த வரியை மறுபடி முணுமுணுத்துப் பார்த்தார். "செய்த எல்லாமும். அதை அவன் தீர்க்கிறானா?" என்றார். ஆமாம் என்றேன். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வரி. அவர் எனக்குக் கிரியோல் சொல்லிக் கொடுப்பார், நான் அவர் நோட்டுக்கு அர்த்தம் சொல்வேன்.

ஒரு தடவை ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். மோகாவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகளின் பழைய பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதியிருப்பார்கள். தாந்தினின் தம்பி அங்கே போய்ப் பாட்டனாரின் தந்தை பற்றிய பதிவை வாங்கி வந்திருந்தார். ஊர் என்ற இடத்தில் இருந்ததைத் தாந்தின் "ஷிங்லபூ" என்று வாசித்தார். நான் எழுத்தைப் பார்த்தேன். செங்கல்பட்டு. போனில் வரைபடத்தைத் திறந்து அந்த ஏரியைக் காட்டினேன், அதன் கரையை ஒட்டிப் போகும் ரயில் பாதையைக் காட்டினேன். நான் சென்னைக்குப் போகும்போதெல்லாம் ஜன்னலில் பார்க்கும் ஏரி அது. தாந்தின் விரலால் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தெருக்களின் பெயர் தெரியும் வரைக்கும் போனார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இங்கே அவர் தினமும் கவுன்தான் போடுவார். அன்று வெள்ளிக்கிழமை என்பதால் புடவை.

புயலைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தீவைப் பற்றி எழுத முடியாது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். எச்சரிக்கையை ஒன்று முதல் நான்கு வரை வகுப்பாகச் சொல்வார்கள். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் காற்று வீசத் தொடங்கிவிட்டால் நான்காம் வகுப்பு. அப்போது யாரும் கதவைத் திறக்கக்கூடாது. 2023 பிப்ரவரியில் ஃப்ரெடி வந்தபோது மெழுகுவர்த்தி, பிஸ்கட், டப்பா மீன் என்று ஊரே வாங்கிக் குவித்ததைப் பார்த்துப் பயந்தோம். ஆனால் எங்கள் பக்கம் வாழை மரங்கள் சாய்ந்ததோடு சரி.

பெலால் வந்தது 2024 ஜனவரி 15. தைப்பொங்கல். காலையில் சின்ன வெண்கலப் பானையில் பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்டோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கணவர் வழக்கம்போல வேலைக்குப் போனார், தீவில் நிறையப் பேர் அன்று போனார்கள். நடுப்பகலில் வானம் உடைந்து கொட்டியது. போர்ட் லூயியில் தெருக்கள் ஆறாகி, கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதக்கும் படங்கள் போனில் வரத் தொடங்கின. எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தார்கள். அவர் "நடந்து வர்றேன்" என்று ஒரு செய்தி அனுப்பினார். அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை.

தாந்தின் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பாட்டரி ரேடியோவோடு மேலே வந்துவிட்டார். எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியைத் திணிக்கச் சொன்னார், வாளிகளை நிரப்பச் சொன்னார், விளக்குத் திரியை எடுத்து வைக்கச் சொன்னார். எல்லா வேலையும் முடிந்த பிறகு தரையில் உட்கார்ந்து கரோலைப் பற்றிச் சொன்னார். 1960 பிப்ரவரி கடைசி. அவருக்கு எட்டு வயது. காற்று மணிக்கு 256 கி.மீ. வரை போன புயல் அது. தகரக் கூரை பறந்ததும் அவர் அப்பா பிள்ளைகளை ஒரே கயிற்றில் இடுப்போடு கட்டி, ஆலையின் கல் கட்டடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாராம். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் அடுப்புக் கல் மட்டும் இருந்ததாம். தீவில் கான்கிரீட் வீடுகள் பெருகியது அதற்கப்புறம்தான். "அதனால்தான் இந்தச் சுவர்" என்று உள்ளங்கையால் எங்கள் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார்.

கணவர் வந்து சேர்ந்தபோது மணி நாலு இருக்கும். எபேனிலிருந்து நடந்து, முழங்கால் வரை சேறாகி, ஒரு செருப்பு இல்லாமல் வாசலில் நின்றார். நான் ஓடுவதற்கு முன்னால் தாந்தின் ஒரு துண்டை அவர் தலைமேல் போட்டுத் துவட்டத் தொடங்கிவிட்டார், சின்னப் பையனுக்குச் செய்வதுபோல. "தோ ஃபின் மான்ஸே?" என்று கேட்டார். சாப்பிட்டியா? அவரும் தாந்தினுக்குப் பையன்தானே, அங்கே தோதான் சரி. மூன்று பேரும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆறிப்போன பொங்கலைச் சாப்பிட்டோம். வெளியே காற்று கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

வேலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலர் மின்னஞ்சலில் கேட்கிறீர்கள். பதினான்கு மாதம் ஆயிற்று. ஒரு சின்னக் கணக்கு அலுவலகத்தில் சேர்ந்தேன். நேர்காணலில் என் பிரெஞ்சு தடுமாறியபோது கிரியோலுக்கு மாறினேன், அவர்களும் மாறினார்கள். வரப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே பிரெஞ்சு தொடங்குங்கள். ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள். கறிவேப்பிலைக் கன்று கொண்டுவர ஆசைப்படாதீர்கள், அனுமதி இல்லாமல் செடி, விதை எதையும் உள்ளே விடமாட்டார்கள், அது இங்கேயே இருக்கிறது. புளியும் பருப்பும் கிடைக்கும். நல்லெண்ணெய் நான் இன்னும் ஊரிலிருந்துதான் கொண்டுவருகிறேன். துணையாக வரும் பெண்களே, முதல் வருடத்தில் நீங்கள் அழுவது உங்கள் பலவீனம் இல்லை. அதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அவரும் எங்கேயோ புரியாமல் சிரித்துக்கொண்டிருக்கலாம்.

2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11. இங்கே அதற்குக் கவாடி என்று பெயர், நாடு முழுக்க அரசு விடுமுறை. பத்து நாள் விரதம். காவடி எடுப்பவர்களில் தமிழர் அல்லாதவர்களும் உண்டு. கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குத் தாந்தின் வீட்டில் மகன் காவடி எடுத்தார். பூசை முடிந்து வீட்டுக்கு வருபவர்களுக்கு வாழை இலையில் சோறும் ஏழு கறியும் போட வேண்டும். செத் காரி என்பார்கள். ரசத்துக்கு ராசோன் என்று பெயர். ஐம்பது பேருக்கு மேல் வருவார்கள் என்பதால் முந்தின நாள் மத்தியானமே காய் நறுக்க உட்கார்ந்துவிட்டோம். தாந்தின், மருமகள், கீழ்வீட்டு கிறிஸ்தவப் பெண், நான். கணவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

பேத்திக்கு எட்டு வயது. பாட்டியை க்ரான்மேர் என்று கூப்பிடுவாள். பள்ளியில் விருப்பப் பாடமாகத் தமிழ் எடுத்திருக்கிறாள். எழுத்துகள் எல்லாம் தெரியும், கூட்டிப் படிப்பாள், ஆனால் சொல்லின் அர்த்தம் பெரும்பாலும் தெரியாது. ஒரு சிலேட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏதாவது எழுதிக் கொடுங்கள், படிக்கிறேன் என்றாள். என் மடியில் தோல் சீவிக்கொண்டிருந்த காய் இருந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அதன் பெயரையே எழுதிக் கொடுத்தேன்.

அவள் எழுத்தின்மேல் விரலை வைத்து, மெதுவாக, "பீ... பீர்... பீர்க்... கங்... காய்" என்றாள். மறுபடி சேர்த்துச் சொன்னாள். "பீர்க்கங்காய்." என் மடியைப் பார்த்தாள். சிலேட்டைப் பார்த்தாள். அப்புறம் துள்ளி எழுந்து சமையலறைக்கே கேட்கும்படி கத்தினாள்: "பிபங்காய்! க்ரான்மேர், இது பிபங்காய்!"

இரண்டு வருடத்துக்கு மேலாக வாரம் தவறாமல் நான் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் அந்தக் காயை வாங்கியிருக்கிறேன். பிரெஞ்சு வார்த்தை என்று நினைத்து அதை ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

தாந்தின் பூசணிக்காயை வெட்டுவதை நிறுத்தி, "ஆயோ" என்றார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிலேட்டைக் கையில் வாங்கினார்.